நாற்பத்தெட்டு வருஷம் காத்திருந்த உயில்

ஒரகடம் கூட்ரோட்டில் காலை ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வரும். கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர் லாரி திரும்பும். டீக்கடையில் தமிழும் இந்தியும் ஒரியாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்தார்கள். அதன்பின் டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. அதற்கு முன்பு இங்கே என்ன இருந்தது? ஏரிப் பாசனம், நெல், வேர்க்கடலை, கொஞ்சம் பொட்டல்.

அந்தப் பொட்டலுக்கு ஒரு காலத்தில் யாரும் உயில் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? அண்ணன் உழுதான், தம்பியும் உழுதான், அவ்வளவுதான். சிப்காட் வந்தது, நிலத்துக்கு விலை வந்தது. விலை வந்ததும் உயில் வந்தது. உயில் வந்ததும் அதை நிறைவேற்ற ஒரு ஆள் வந்தார். வக்கீல்கள் பாஷையில் எக்ஸிக்யூட்டர். ஊர் பாஷையில் ‘பெரியவர் பொறுப்புல விட்டுட்டுப் போயிருக்காரு’.

அந்தப் பொறுப்பாளர் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாக நேரே காஞ்சிபுரம் போய்விடுவோம். காரணம், இந்தத் தலைவலியில் தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான கதை அந்த ஊர்க் குடும்பம் ஒன்றுடையது. நாயகன் பெயர் உங்களுக்குத் தெரியும். சென்னையில் பஸ் ஸ்டாப்பே அவர் பெயரில் இருக்கிறது. பச்சையப்ப முதலியார்!

பச்சையப்பர் 1754-ல் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா விசுவநாத முதலியார் இறந்துவிட்டார். அம்மா பூச்சியம்மாள் கைக்குழந்தையோடு பிறர் ஆதரவில் பெரியபாளையத்தில் காலம் தள்ளினார். அந்த ஆதரவும் போனபோது குடும்பம் சென்னைக்கு வந்தது. அங்கே அடைக்கலம் கொடுத்தவர் பவுனி நாராயண பிள்ளை. அவர் ஒரு துபாஷி, அதாவது வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவே மொழி, பணம், தரகு எல்லாவற்றையும் கையாண்டவர். தகப்பன் இல்லாத பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து ஆளாக்கியவர் அவர்தான்.

பையன் குருவை மிஞ்சினான். வியாபாரம், வரிக் குத்தகை, வட்டி, துபாஷி வேலை என்று எல்லாவற்றிலும் கை வைத்தான், எல்லாம் பணமானது. தஞ்சாவூர் அரண்மனைக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார் பச்சையப்பர். சம்பாதித்ததைக் கோயில்களுக்கும் அன்னதானத்துக்கும் தாராளமாகச் செலவழித்தார். இரண்டு மனைவிகள். ஆண் வாரிசு இல்லை. நாற்பது வயதில் உடம்பு படுத்துவிட்டது.

1794 மார்ச் 22-ல் உயில் எழுதினார். மார்ச் 31-ல் திருவையாற்றில் கண்ணை மூடினார். நடுவில் ஒன்பதே நாள்.

ஒரு விஷயம். இந்தியர் ஒருவர் எழுதிய முதல் உயில் இதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பிளாஸி விவகாரத்தில் ராபர்ட் கிளைவ் போலி ஒப்பந்தம் காட்டி ஏமாற்றினாரே கல்கத்தா வியாபாரி உமிசந்த், அவர் 1758-லேயே உயில் எழுதிவிட்டார். ஆனால் ஒன்று நிஜம். அந்தக் காலத்து இந்துக்களுக்கு உயில் என்பதே புதுச் சரக்கு. நம் தர்ம சாஸ்திரங்களில் தானம் உண்டு, பாகம் உண்டு, தத்து உண்டு. செத்த பிறகு பேசுகிற காகிதம் கிடையாது. கம்பெனிக்காரர்களோடு பழகிய சென்னை துபாஷிகள் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டவற்றில் உயிலும் ஒன்று.

சொத்து பெரும்பாலும் கோயில் கைங்கரியத்துக்கும் தர்மத்துக்கும் என்றது உயில். நிறைவேற்றும் பொறுப்பு? வேறு யார்... நாராயண பிள்ளைதான். வளர்த்தவரை நம்பாமல் யாரை நம்புவது?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே வயதாகிவிட்டது. பொறுப்பு அவர் கையிலிருந்து மற்றவர்கள் கைக்குப் போனது. குடும்பத்தார் ஒரு பக்கம், பணத்தை வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம் என்று வழக்குகள் முளைத்தன. நாராயண பிள்ளை மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் கையில் கொடுத்தாலும் பணம் எப்படி முடங்கும் என்பதைத்தான் பார்க்கிறோம். சிதம்பரத்திலும் காசியிலும் நடக்க வேண்டிய தர்மங்கள் காகிதத்திலேயே தூங்கின. ஒரு தலைமுறை போயே போய்விட்டது.

வழக்குப் போட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: ‘என் பங்கு எவ்வளவு?’ தர்மத்தின் பங்கைக் கேட்க ஆள் இல்லை. கோயில் கோர்ட்டுக்கு வராது. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிற ஏழை வக்கீல் வைக்க மாட்டான்.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒருவர் உள்ளே வந்தார். சர்க்கார் வக்கீல்! 1813-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போட்ட சட்டம், கம்பெனியின் அட்வகேட் ஜெனரலுக்கு ஒரு அதிகாரம் கொடுத்திருந்தது. இங்கிலாந்தில் தர்ம சொத்துகளுக்காக அட்டர்னி ஜெனரல் வழக்குப் போடுவது போல, இங்கே அவர் சுப்ரீம் கோர்ட்டில் போடலாம். (1801-ல் சென்னையில் தொடங்கிய அந்தக் காலத்து சுப்ரீம் கோர்ட். டெல்லியில் இருப்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஹெர்பர்ட் காம்ப்டன் என்ற அட்வகேட் ஜெனரல் பச்சையப்பர் விவகாரத்தைக் கையில் எடுத்தார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாப்பிடியாக முடித்துவைத்தார். இவர்கள் கேட்டது வேறு கேள்வி: ‘கணக்கு எங்கே?’

கோர்ட் தீர்ப்பு வந்தபோது பார்த்தால், வட்டியோடு சேர்ந்து பணம் ஏறக்குறைய எட்டு லட்சம் ரூபாய் ஆகியிருந்தது. அதில் ஒரு லட்சம் வராகன், அதாவது மூன்றரை லட்சம் ரூபாய், உயிலில் சொன்ன சமய தர்மங்களுக்கு. மிச்சம்? கல்விக்குப் போகட்டும் என்று முடிவானது. 1842 ஜனவரி 1-ந் தேதி சென்னை பிராட்வேயில் பச்சையப்பர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1850-ல், ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கக் கோயிலின் சாயலில் பச்சையப்பன் மண்டபம் எழுந்தது. பள்ளி கல்லூரியாயிற்று. கணித மேதை ராமானுஜன் அங்கே படித்தார். அறிஞர் அண்ணா அங்கே படித்தார். காஞ்சிபுரத்திலும் பச்சையப்பர் பெயரில் கல்லூரிகள் வந்தன. ஒரகடம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் டிகிரி கொடுத்ததே அவைதான்.

சுபம் என்று போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். உயில் எழுதிய தேதிக்கும் பள்ளிக்கூடக் கதவு திறந்த தேதிக்கும் நடுவே நாற்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. பச்சையப்பர் உயிரோடு இருந்ததே நாற்பது வருஷம்தான்!

வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் ஒழுங்காக நடந்ததா என்றால், அதுவும் இல்லை. பச்சையப்பர் இறந்து நாலு வருஷம் கழித்து, 1798-ல், இங்கிலாந்தில் வில்லியம் ஜெனன்ஸ் என்ற பெரும் பணக்காரர் இறந்தார். உயில் அவர் கோட்டுப் பையில் இருந்தது. கையெழுத்துதான் இல்லை. வக்கீலிடம் போனபோது மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டார், அதனால் போடவில்லை என்பார்கள். உரிமை கொண்டாடியவர்கள் போட்ட வழக்கு 1915 வரை நடந்தது. ஏன் அந்த வருஷம் முடிந்தது தெரியுமா? வக்கீல் ஃபீஸ் போக சொத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. டிக்கன்ஸ் எழுதிய ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலில் வரும் முடிவில்லாத வழக்குக்கு இதுதான் தூண்டுகோல் என்பவர்கள் உண்டு. அந்தக் கதியோடு ஒப்பிட்டால் பச்சையப்பர் சொத்து பிழைத்தது. காரணம், சரியான கேள்வியை ஒருவர் கேட்டார்.

சரி, இப்போது திரும்பவும் ஒரகடம்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்பா இறந்துவிட்டார். உயில் இருக்கிறது. நிலம் எடுத்த பணம் பேங்கில், மெயின் ரோட்டில் இரண்டு கடை, கொஞ்சம் மனை. பெரியண்ணன் எக்ஸிக்யூட்டர். கட்டிக்கொடுத்த தங்கைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று உயில் சொல்கிறது. மூன்று வருஷமாக அண்ணன், ‘பாத்துக்கலாம்மா, எங்க போயிடப் போவுது’ என்கிறார். தங்கைக்குக் கேட்கத் தயக்கம். கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்: ‘என்னையே சந்தேகப்படுறியா?’

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து நம் ஊரில் போன சொத்து எவ்வளவோ. நான் பி.காம். படித்தவன். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்த பாடம், அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் கணக்கு காட்டியே ஆக வேண்டும் என்பது. அதில் சந்தேகமும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. சொத்து எக்ஸிக்யூட்டர் பெயருக்கு வந்தாலும் அவர் முதலாளி அல்ல. ஒப்படைக்க வேண்டிய ஆள்.

தங்கை என்ன செய்யலாம்?

முதலில் உயிலின் நகல் வாங்க வேண்டும். ‘உயிலைக் காட்ட மாட்டேங்கறாங்க சார்’ என்பதுதான் பொதுவான புலம்பல். உயில் பதிவு செய்யப்பட்டிருந்தால், எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கலாம். அண்ணன் தயவு தேவையில்லை. (பதிவு செய்யாத உயிலும் செல்லும். ஆனால் நிரூபிக்கிற பாடு அதிகம்.)

அடுத்து, காலண்டரைப் பார்க்க வேண்டும். எழுதியவர் இறந்த தேதியிலிருந்து ஒரு வருஷம் வரை பங்கைக் கொடுக்கும்படி எக்ஸிக்யூட்டரைக் கட்டாயப்படுத்த முடியாது. கடன் அடைக்க, வர வேண்டியதை வசூலிக்க, சட்டமே கொடுத்த அவகாசம் அது. எனவே கருமாதி முடிந்த கையோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு வருஷம் தாண்டியும் அசையவில்லை என்றால் வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள்: என்னென்ன சொத்து, எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு, என் பங்கு எப்போது? போனில் கேட்டது கோர்ட்டில் நிற்காது.

அண்ணன் உயிலை கோர்ட்டில் நிரூபித்து ‘புரொபேட்’ வாங்கியிருந்தால் தங்கைக்கு வேலை சுலபம். புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருஷத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் அவர் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். வேண்டுமென்றே பொய்ப் பட்டியல் கொடுத்தால் பொய்ச் சாட்சிக் குற்றம். தகுந்த காரணம் இல்லாமல் கணக்கே கொடுக்காவிட்டால், கொடுத்த புரொபேட்டையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

புரொபேட் வாங்கவே இல்லை என்றால்? சென்னை நகருக்குப் பல காலமாக இருந்த புரொபேட் கட்டாயம், கிராமப்புறத்து உயில்களுக்கு முன்பும் இல்லை. அந்தக் கட்டாயத்தை விதித்த 213-ம் பிரிவையே 2025 டிசம்பரில் பார்லிமெண்ட் நீக்கிவிட்டது. ஆக, அண்ணன் கோர்ட் பக்கமே போகாமல் இருக்கலாம். அப்போது தங்கைதான் போக வேண்டும். ‘பொறுப்பை ஏற்கிறாயா, விலகுகிறாயா?’ என்று கோர்ட் மூலமாகவே அண்ணனுக்கு நோட்டீஸ் அனுப்ப வழி இருக்கிறது. அவர் விலகினாலோ, பதிலே சொல்லாவிட்டாலோ, உயிலில் மீதிச் சொத்து யாருக்கு என்று இருக்கிறதோ அவர் நிர்வாக அதிகாரம் கேட்டு மனுச் செய்யலாம்.

பொறுப்பையும் விடமாட்டார், பணத்தையும் தரமாட்டார் என்றால், சிவில் கோர்ட்டில் எஸ்டேட் நிர்வாக வழக்கு. சொத்தைக் கணக்கெடுத்து, கடனைத் தீர்த்து, பங்கு பிரித்துக் கொடுக்கும் வேலையை கோர்ட்டே தன் மேற்பார்வையில் நடத்தும். கூடவே, மனையை விற்கக் கூடாது என்று தடையுத்தரவு கேட்கலாம். கடை வாடகை வசூலிக்க ரிசீவர் போடச் சொல்லலாம். நிலம் எடுத்த பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், உடனே அந்த அதிகாரியிடம் ஆட்சேப மனுக் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு இருக்கும்போது பணம் ஒருவர் கணக்குக்குப் போய்விடாமல் தடுக்க அதுதான் வழி. போன பிறகு மீட்பது ரொம்பக் கஷ்டம்.

அண்ணனை நீக்கியே ஆக வேண்டுமா? அதற்கும் சட்டத்தில் 301-ம் பிரிவு இருக்கிறது. எக்ஸிக்யூட்டரை நிறுத்திவைக்கவும், நீக்கி வேறு ஆளைப் போடவும் ஹைகோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அவர் முறைகேடாகச் செலவழித்ததால் சொத்து குறைந்தால் சொந்தக் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். எடுத்துத் தன் உபயோகத்துக்குப் போட்டுக்கொண்டது நிரூபணமானால் நம்பிக்கை மோசடி என்று கிரிமினல் வழக்கும் வரும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த அந்தக் குற்றம், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ம் பிரிவில் இருக்கிறது. ஆனால் போலீஸ் ஸ்டேஷனை முதல் படியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பங்கு கேட்கிற தகராறு சிவில் தகராறு என்று திருப்பி அனுப்புவார்கள். அண்ணன் தங்கை உறவும் அன்றோடு சரி.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, உயிலில் கிடைத்த பங்கை எக்ஸிக்யூட்டரிடமிருந்து வாங்க வழக்குப் போடும் காலக்கெடு, அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம். ‘எங்க போயிடப் போவுது’ என்று கேட்டாரே அண்ணன், அங்கேதான் போய்விடும். இரண்டு, உயில் எழுதியவருக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவுக்குத்தான் அவர் எழுத முடியும். நிலம் பூர்வீகமானது என்றால் அப்பாவின் பங்குக்கு மட்டுமே உயில் செல்லும். 2005-ம் வருஷத் திருத்தத்துக்குப் பின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு பிறப்பிலேயே உண்டு. அப்போது தங்கை போட வேண்டியது பாகப்பிரிவினை வழக்கு. ஆகவே வக்கீலைப் பார்க்கும்போது உயிலை மட்டும் அல்ல, தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

குடும்பச் சொத்தாக இல்லாமல், பச்சையப்பர் விட்டது போல ஊர்ப் பொதுத் தர்மமாக இருந்தால்? 1813-ல் அட்வகேட் ஜெனரலுக்குக் கொடுத்த அதிகாரத்தின் பேரப்பிள்ளை இன்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ம் பிரிவாக உயிரோடு இருக்கிறது. இப்போது அட்வகேட் ஜெனரல்தான் வர வேண்டும் என்றில்லை. அந்தத் தர்மத்தில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட் அனுமதி வாங்கி, கணக்குக் கேட்கலாம்; பொறுப்பாளரை நீக்கச் சொல்லலாம். காம்ப்டனும் நார்ட்டனும் செய்ததை, உங்கள் தெருவில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் இருவர் செய்யலாம்.

முடிப்பதற்கு முன், உயில் எழுத உட்காரப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொம்ப நம்பிக்கையான ஆளையே போடுங்கள். ஆனால் உங்களைவிட வயதில் இளையவரைப் போடுங்கள். அவருக்கு முடியாமல் போனால் யார் என்று இரண்டாவது பெயரும் எழுதுங்கள். இத்தனை மாதத்துக்குள் எல்லாருக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பச்சையப்பர் வளர்த்தவரை நம்பினார். அதில் தப்பே இல்லை. அந்த வளர்த்தவருக்கு வயதாகிவிட்டது என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

அந்தத் தங்கைக்கு வருவோம். இந்தப் பொங்கலுக்குச் சீர் கொண்டுவரும் அண்ணனிடம் அவள் சிரித்த முகத்தோடு இப்படிக் கேட்கலாம்: “அண்ணே, அப்பா கணக்கு நோட்டை ஒருவாட்டி பாக்கணும்ணே.” நல்ல அண்ணனாக இருந்தால் காபி ஆறுவதற்குள் நோட்டு வந்துவிடும். வரவில்லை என்றால், காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு ஒரகடத்திலிருந்து பஸ் இருக்கிறது.